பேய் இல்லாத திகில்



பேய்ப் படம் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் முகம் புதைக்காதவர் நம்மில் யார்? ஆனால் வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் தரும் பயம் பொழுது விடிந்ததும் ஓடிவிடும். விடிந்தாலும் ஓடாத பயம் ஒன்று உண்டு. அது பிள்ளையைத் தொலைத்த பெற்றோரின் பயம்.

ஆட்டோ பிரெமிங்கர் இயக்கி 1965-இல் வெளிவந்த 'பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்' என்ற ஆங்கிலப் படத்தில் பேயே இல்லை. லண்டனுக்குப் புதிதாகக் குடிவந்த தாய், மகளை முதல் நாள் பள்ளியில் விட்டுச் செல்கிறாள். திரும்பி வந்தால் குழந்தையைக் காணோம். பார்த்தவர்களும் எவரும் இல்லை. இப்படி ஒரு குழந்தை உண்மையிலேயே இருந்ததா என்று காவல் துறைக்கே ஐயம் வருகிறது! பழுதுபார்க்கக் கொடுத்த பொம்மையின் ரசீதே அத்தாயின் ஒரே சாட்சி. பிள்ளையை இழந்ததைவிட, தன் சொல்லை எவரும் நம்பாததே அவளுக்குப் பெருங்கொடுமை.

நம் தமிழில் 1994-இல் வந்த 'மகாநதி'யையும் நான் திகில் படம் என்றே சொல்வேன். வஞ்சகத்தால் சிறை சென்ற தந்தை கிருஷ்ணசாமி வெளியே வந்து பிள்ளைகளைத் தேடுகிறார். மகன் கழைக்கூத்தாடிகளிடம் கிடைக்கிறான். மகளையோ கல்கத்தாவில், சொல்லக் கூசும் இடத்தில் காண்கிறார். மீட்ட பின்னும் அவள் உறக்கத்தில் பிதற்றுவதைக் கேட்டு எந்தப் பெற்றோர் கலங்காதிருப்பர்?

"இத்தகைய படங்கள் மாணவியருக்கு எதற்கு?" என்று பெரியோர் கேட்கலாம். பயமுறுத்த அல்ல, விழிப்பூட்டவே என்பது என் தாழ்மையான கருத்து. பெற்றோருடன் அமர்ந்து பார்த்து, பிறகு மனம்விட்டுப் பேசினால் நன்மையே விளையும். காணாமற்போன குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு புகாரையும் வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டது. குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இவற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடிய மரியன்னையின் தவிப்பை ஜெபமாலையில் தியானிக்கிறோம். அதே தவிப்பு சித்திரையில் வீரபாண்டித் திருவிழா ஒலிபெருக்கியிலும் கேட்கிறது: "காணாமற்போன சிறுவனைக் கண்டவர்கள்..." நாமோ ராட்டினத்தைப் பார்த்தபடி நடந்து விடுகிறோம்.

தோழியரே, அடுத்த முறை ஒரு நிமிடம் நில்லுங்கள். சுற்றிலும் பாருங்கள். அழுதபடி நிற்கும் அந்தக் குழந்தை உங்கள் பக்கத்திலேயே இருக்கலாம்.