பூட்டிய கணக்கில் இருக்கும் காசு யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு. கிரிப்டோ பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிட்காயின் ஏறுமா இறங்குமா என்று நான் பேசப் போவதில்லை. அது எனக்குத் தெரியவும் தெரியாது. நம் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைத்த பிறகு அது யாருடையது என்பதுதான் நான் எழுத வந்த விஷயம். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தியவன் என்பதால், இதில் மட்டும் வாய் திறக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சமீபத்தில் நம் பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரே விஷயமாக எனக்குப் போன் செய்தார்கள். ஒருவருக்கு டேங்க் பேக்டரியில் வேலை, ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறார், இன்னொருவர் வெளிநாட்டில். ஆப்பைத் திறந்தால் கணக்கில் காயின் தெரிகிறது, எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. மூவருக்கும் இதுதான் நிலைமை. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். மூன்று பேருமே வீட்டில் சொல்லவில்லை. "சொன்னா திட்டுவாங்க சார்" என்றார்கள்.

திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காசு முடங்கிப் போனவனிடம் "பேராசை பெருநஷ்டம்" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். காயின் விலை விழுந்து பணம் போயிருந்தால் அப்படிச் சொல்லலாம். அது அவனே தெரிந்து எடுத்த ரிஸ்க். ஆனால் இவர்களில் ஒருவருடைய காயின் விலை ஏறியிருக்கிறது. அவர் கணக்குப் போட்டது சரி, எடுக்கத்தான் முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

நம் நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் வாசிர்எக்ஸ். 2024 ஜூலை 18 அன்று அந்த எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திருடப்பட்டன. அங்கே இருந்த மொத்த கிரிப்டோவில் அது ஏறக்குறைய 45 சதவீதம். திருடியது வட கொரிய ஹேக்கர்கள் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருட்டு நடந்ததும் கணக்குகள் எல்லாம் முடக்கப்பட்டன. ரூபாயாகக் கிடந்த பணத்திலும் முதலில் 66 சதவீதத்தைத்தான் எடுக்க விட்டார்கள்.

சில நாளிலேயே நிறுவனம் ஒரு யோசனை சொன்னது. எந்தக் காயின் திருடு போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி, எல்லா வாடிக்கையாளரும் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 55 சதவீதம் கையில், 45 சதவீதம் பூட்டில். பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் அதை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் பகிர்வு என்ற எண்ணம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஆவடி ஸ்டேஷன் பக்கம் பைக் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு தினமும் ரயில் ஏறுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். ஒருநாள் ராத்திரி அங்கே நூறு வண்டி நிற்கிறது, நாற்பத்தைந்து திருடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் டோக்கனோடு போகிறீர்கள். உங்கள் வண்டி அப்படியே நிற்கிறது. ஆனால் ஸ்டாண்டுக்காரர், "எல்லாரும் நட்டத்தைப் பங்கு போட்டுக்கணும். உங்க வண்டியை விற்கப் போறோம், உங்க பங்கை அப்புறம் தருவோம்" என்கிறார். ஒத்துக்கொள்வீர்களா? ஸ்டாண்டில் விட்டதால் வண்டி அவருடையதாகிவிடவில்லை. பாதுகாக்கத்தான் அவருக்குக் காசு கொடுத்தீர்கள்.

வங்கியில் போடும் பணம் வேறு வகை. போட்ட நிமிஷத்திலிருந்து அது வங்கியின் பணம். நாம் வங்கிக்குக் கடனீந்தோர். பிளஸ் டூவில் நடத்தியது ஞாபகம் இருக்கும். வங்கி மூழ்கினால் நாமும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடும் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் கிடக்கும் காயினுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. ஆக, அது ஸ்டாண்டில் விட்ட வண்டியா, வங்கியில் போட்ட பணமா? உலகம் முழுக்க நடந்த வழக்குகளில் இதுதான் கேள்வி.

நம் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர் 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் வழியாக 1,98,516 ரூபாய்க்கு 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்தார். திருடு போனவை எத்தீரியம் சங்கிலியில் உள்ள டோக்கன்கள். எக்ஸ்ஆர்பி அதில் சேராது. என் காயின் திருடு போகவில்லையே, அதை ஏன் முடக்க வேண்டும் என்பது அவர் வாதம். எல்லாம் சிங்கப்பூரில் நடக்கும் மறுசீரமைப்புக்குக் கட்டுப்பட்டது, ஒப்பந்தப்படி தகராறும் சிங்கப்பூரில்தான் என்றது நிறுவனம்.

2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவில், கிரிப்டோ என்பது கையால் தொடக்கூடிய பொருள் அல்ல, நாணயமும் அல்ல, ஆனால் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றார். பணம் சென்னையிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது, பரிவர்த்தனை இங்கிருந்தே நடந்திருக்கிறது, அதனால் இந்த நீதிமன்றம் தலையிட முடியும் என்றார். நடுவர் தீர்ப்பு வரும்வரை சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு ஈடு கட்டும்படி இந்திய நிறுவனத்துக்கு உத்தரவும் போட்டார். இது இடைக்காலப் பாதுகாப்புதான். முடிவான தீர்ப்பு என்று யாரும் வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். ஆனாலும் சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிகிறது.

அதே அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்தது வேறு. வாசிர்எக்ஸின் தாய் நிறுவனம் ஜெட்டாய் அங்கே பதிவானது. திட்டத்தை முதல் தடவை, 2025 ஜூனில், சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மாற்றி எழுதி மறுபடி வாக்கெடுத்தார்கள். வாக்களித்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. அக்டோபர் 13 அன்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, 24 அன்று எக்ஸ்சேஞ்ச் திறந்தது. ஏறத்தாழ பதினைந்து மாதம் எல்லாருடைய காசும் பூட்டில்.

இங்கே எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாருடைய காயினும் ஒரே வாலட்டில் கலந்து கிடக்கிறது, யாருடையது எது என்று பிரிக்க முடியாது, மிச்சம் இருப்பதை முந்தி வந்தவர் முழுசாக அள்ளிக்கொண்டு போனால் பிந்தி வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது, பங்கு போடுவதே நியாயம் என்கிறார்கள். ஒரு காயின் வைத்திருந்தவர் அதிர்ஷ்டத்தால் தப்பித்தார், இன்னொரு காயின் வைத்திருந்தவர் மாட்டிக்கொண்டார், அதிர்ஷ்டத்தை வைத்தா நீதி என்றும் கேட்கிறார்கள். 95 சதவீதம் பேர் சம்மதித்திருக்கிறார்களே என்றும் கேட்கலாம்.

என் பதில் இது. நட்டத்தைப் பங்கு போடுவதற்கு முன்னால் முதலாளியின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். கலந்து வைத்தது யார்? வாடிக்கையாளரா கலந்தார்? பெயர் பெயராகப் பிரித்து வைக்காமல் விட்டவரே, பிரிக்க முடியவில்லை என்பதைத் தன் வாதமாக எடுத்துவைப்பது சரியில்லை. சம்மதம் என்கிறார்களே, திட்டம் நிறைவேறாவிட்டால் பணம் வர 2030 வரை இழுக்கலாம் என்று நிறுவனமே எச்சரித்திருந்தது. மகன் பீஸ் கட்ட வேண்டியவன், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவன், "வருவது வரட்டும்" என்று கையைத் தூக்கத்தானே செய்வான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காட்டி, பகிர்வுதான் தர்மம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வெளிநாடுகளிலும் இதே பாடம்தான். நியூசிலாந்தில் கிரிப்டோபியா என்ற எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆகி மூழ்கியபோது, காயின்கள் வாடிக்கையாளர்களுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்டவை, மற்ற கடனீந்தோர் கை வைக்க முடியாது என்று 2020 ஏப்ரலில் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் செல்சியஸ் என்ற நிறுவனத்தில் வட்டிக்குக் காயின் போட்டவர்களுக்கு நேர்மாறான முடிவு வந்தது. 2023 ஜனவரியில் அங்குள்ள திவால் நீதிமன்றம், நீங்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கிய நிபந்தனைகளின்படி காயினின் உரிமை நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டது. எப்டிஎக்ஸ் 2022 நவம்பரில் கவிழ்ந்தது. அங்கே வாடிக்கையாளர் பாக்கியை அந்த நவம்பர் மாத டாலர் விலையில் கணக்கிட்டார்கள். பிறகு பிட்காயின் பல மடங்கு ஏறியும் அந்த ஏற்றம் அவர்கள் கைக்கு வரவில்லை. ஒரே மாதிரித் தோன்றும் கணக்குதான், ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வரியால் ஒருவர் உரிமையாளர் ஆகிறார், இன்னொருவர் வரிசையில் நிற்கிறார்.

இதை முன்கூட்டியே தடுக்க முடியாதா? முடியும். பங்குச் சந்தையில் செய்து வைத்திருக்கிறோம். 2019 நவம்பரில் கார்வி என்ற பெரிய புரோக்கர் நிறுவனம், வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு அடகு வைத்தது அம்பலமானது. செபி தடை போட்டது. டிசம்பர் தொடக்கத்திலேயே சுமார் 83,000 வாடிக்கையாளர்களின் பங்குகள் அவரவர் டிமேட் கணக்குக்குத் திருப்பப்பட்டன. அடகு வாங்கிய வங்கிகள் எதிர்த்தன, வழக்கும் நடந்தது. ஆனால் பங்கு யாருடையது என்று காட்ட, புரோக்கருக்கு வெளியே ஒரு பதிவேடு இருந்தது. வியாபாரம் செய்பவர் ஒருவர், பெட்டகம் வைத்திருப்பவர் வேறொருவர். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

கிரிப்டோவில் வியாபாரமும் பெட்டகமும் பதிவேடும் பெரும்பாலும் ஒரே கையில். போதாக்குறைக்கு, முதலாளி யார் என்பதே சில சமயம் தகராறு. வாசிர்எக்ஸை வாங்கிவிட்டதாக பைனான்ஸ் நிறுவனம் 2019 நவம்பரில் அறிவித்தது. 2022 ஆகஸ்டில் அமலாக்கத் துறை வாசிர்எக்ஸின் 64.67 கோடி ரூபாயை முடக்கியதும், அந்தக் கொள்முதல் நிறைவேறவே இல்லை என்று பைனான்ஸ் தலைவர் சொன்னார். பெரிய கம்பெனியின் கிளை என்று நம்பிப் பணம் போட்டவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அரசின் மேல் எனக்குக் குறை உண்டு. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அந்த ஜூலையிலிருந்து ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. வரி வாங்கும்போது அது சொத்தாகத் தெரிகிறது. அதே சொத்தைப் பாதுகாக்க ஒரு சட்டம் கேட்டால் இன்னும் யோசிக்கிறார்கள். கிரிப்டோவை ஊக்குவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் சொத்தைத் தனியே, மூன்றாம் நபரிடம் வைக்க வேண்டும், நிறுவனத்தின் நட்டத்துக்கு அதைத் தொடக் கூடாது, தகராறு வந்தால் இந்தியாவிலேயே தீர்க்க வேண்டும். இந்த மூன்றையும் சட்டத்தில் எழுதினால் போதும். 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸில் சுமார் 4.4 கோடி டாலர் திருடு போனபோது, அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு, வாடிக்கையாளர் காயின் தனியே இருக்கிறது, நட்டம் எங்களுடையது என்றார்கள். செய்ய முடிந்த காரியம்தான். அதை நிறுவனத்தின் நல்ல மனசுக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களுக்குச் சில வார்த்தை. காயின் இருப்பைக் காட்டும் பக்கங்களை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போன வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். சென்னை வழக்கில் அந்தக் கணக்குத்தான் நீதிமன்றக் கதவைத் திறந்தது. நிறுவனத்தின் மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். வாக்கெடுப்பு, கடைசித் தேதி என்று வந்தால் தள்ளிப்போடாமல் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். "முன்பணம் கட்டுங்கள், முடங்கிய காசை மீட்டுத் தருகிறோம்" என்று டெலிகிராமில் வருகிறவனை நம்பி இன்னொரு முறை ஏமாற வேண்டாம். அப்படி யாராவது பணம் பிடுங்கியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

புதிதாகப் போடப் போகிறவர்கள், விலை என்ன என்று பார்ப்பதற்கு முன்னால் நிபந்தனைப் பக்கத்தில் மூன்று விஷயம் தேடுங்கள். காயின் யார் பெயரில், யார் கையில் இருக்கும்? ஒப்பந்தம் எந்த நாட்டு நிறுவனத்தோடு? தகராறு எந்த ஊரில்? புரியவில்லை என்றால் புரிகிறவரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் போடாதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இப்படி ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தால் முதல் பத்து நிமிஷம் திட்டாமல் கேளுங்கள். கடைசித் தேதிகள் தாண்டிப் போவதற்கு வீட்டில் சொல்லப் பயப்படுவதும் ஒரு காரணம். எனக்குப் போன் செய்த மூவரில் ஒருவர் இப்போது அப்பாவிடம் சொல்லிவிட்டார். இருவரும் சேர்ந்து வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள்.

நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். நம் மாணவர்களில் வக்கீல்களும் ஆடிட்டர்களும் இருக்கிறீர்கள். நேரம் இருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வணிகவியல் சார், ஆவடி.