பெட்டியைப் பார்த்து எழுதின பாவம்

மக்களே, முதல்ல ஒரு மன்னிப்பு.

நாலு மாசம் முன்னாடி இங்கேதான் ஒரு ரெசின் கன்வெர்ஷன் செட்டைப் பத்தி ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தேன். சாதாரண ஷெர்மன் டாங்க் கிட்டை 'ஃபயர்ஃப்ளை'யா மாத்தற செட். பெட்டியைத் திறந்தேன், பாகங்களை வெளிச்சத்துல திருப்பிப் பாத்தேன், "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்"னு முடிச்சேன். ஒரு துண்டைக்கூட ஒட்டிப் பாக்கலை.

ஒரு கல்லூரிப் பையன் அதை நம்பி வாங்கிட்டான். டியூஷன் எடுத்துச் சேத்த காசு. போன மாசம் மடல் வந்துது: "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன். குழல் வளைஞ்சிருக்கு, டரட் உக்கார மாட்டேங்குது. நான் எங்க தப்பு பண்றேன்?" அந்தக் கடைசி வரிதான் சுருக்குன்னு குத்திச்சு. தப்பு பண்ணது அவன் இல்லையே!

அதனால என் செட்டை எடுத்து உக்காந்தேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. ஷெர்மன் அமெரிக்க டாங்க். அதுல பிரிட்டிஷ்காரங்க தங்களோட 17 பவுண்டர் பீரங்கியைத் திணிச்சதுதான் ஃபயர்ஃப்ளை. 1944 ஜூன்ல நார்மண்டில இறங்குச்சு. பீரங்கி பெருசு, டரட் சின்னது. அதனால பீரங்கியைப் பக்கவாட்டுல திருப்பிப் பொருத்தினாங்க. உள்ளே இருந்த ரேடியோவை, டரட் பின்னாடி ஒரு பெட்டி கட்டி அங்கே தள்ளினாங்க. குண்டு நிரப்புறவருக்கு மேல தனியா ஒரு கதவு. முன்னாடி மெஷின்கன் ஆளை எடுத்துட்டு, அந்த இடத்துல குண்டு அடுக்கி, ஓட்டையை இரும்பால மூடிட்டாங்க. அஞ்சு பேர் நாலு பேர் ஆனாங்க.

இப்ப நான் கண்ட குறைகள்.

ஒண்ணு, சுருக்கம். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். வார்த்த பொருள்லேர்ந்தே மறுபடி அச்செடுத்தா இன்னும் சுருங்கும். ஷெர்மனோட டரட் வளையம் 69 அங்குலம். 35-ல ஒரு பங்குன்னா 50 மி.மீ. கிட்டோட உடம்புல ஓட்டை சரியா இருக்கு. ரெசின் டரட் அடிவளையம் 48.8. லொடலொடன்னு ஆடுது. அரை மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைப் பட்டையா வெட்டி வளையத்தைச் சுத்தி ஒட்டினேன். ரெண்டு பக்கமும் சேந்து 1 மி.மீ. கூடி 49.8 ஆச்சு. ஆட்டம் போச்சு. டரட் மொத்தமும் கொஞ்சம் சின்னதுதான், அதை ஒண்ணும் பண்ண முடியாது. கண்ணுக்கும் தெரியாது.

ரெண்டு, வளைஞ்ச குழல். வெந்நீர்ல முக்கி, நிமித்தி, பச்சைத் தண்ணில போட்டா நேராகும். ஆனா நம்ம ஊர் மே மாசத்துல திரும்ப வளைஞ்சாலும் வளையும். உலோகக் குழல் போடறதுதான் உத்தமம். இதுல மட்டும் சமரசம் வேண்டாம். அந்த நீளக் குழலைப் பாத்துத்தான் ஜெர்மன்காரங்க ஃபயர்ஃப்ளையை முதல்ல குறி வெச்சாங்க. குழல் குட்டையாத் தெரியணும்னே அதோட முன்பாதிக்கு வேற வண்ணம் அடிச்சு ஏமாத்தினாங்க. அப்படிப்பட்ட குழல் வாழைத்தண்டு மாதிரி தொங்கினா என்னங்க அர்த்தம்?

மூணு, மெஷின்கன் ஓட்டையை மூடற துண்டு செட்லயே இல்லை. தகட்டை வெட்டி ஒட்டி, ஓரத்துல எம்-சீல் வெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். அரை மணி நேர வேலை. விட்டிருந்தா அது ஃபயர்ஃப்ளையே இல்லை.

நாலு, இதுதான் பெரிய கூத்து. பெட்டி மேல "ஷெர்மன் 5-சி, எந்தக் கிட்டுக்கும் பொருந்தும்"னு போட்டிருக்கு. 5-சின்னா எம்4ஏ4 உடம்பு. அஞ்சு எஞ்சினை ஒண்ணாக் கட்டினதால அது 11 அங்குலம் நீளம் கூட. நம்ம அளவுல 8 மி.மீ. செயின்ல ஒரு பக்கத்துக்கு 79-க்குப் பதிலா 83 கட்டை. என்கிட்ட இருந்தது சாதாரண எம்4. ரம்பத்தை எடுத்து உடம்பை வெட்டி நீட்டலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது: எம்4-லயும் ஃபயர்ஃப்ளை செஞ்சாங்க, அதுக்குப் பேரு 1-சி. வெட்ட வேண்டியது மாடலை இல்லை, பெட்டி மேல இருக்கற பேரை! :-)

என் கட்சி இதுதான். "ஒரு ஆணி மாறினாலும் குப்பைல போடு"ங்கறவங்க ஒரு பக்கம், "பொம்மைதானே, விடுப்பா"ங்கறவங்க இன்னொரு பக்கம். ரெண்டுமே எனக்கு ஒத்து வரலை. எந்தக் குறை அந்த வண்டியை வேற வண்டியா மாத்திடுதோ அதைத் திருத்தியே ஆகணும். கை நீட்டற தூரத்துல கண்ணை உறுத்தறதையும் திருத்தணும். மிச்சத்தை விட்டுட்டு வண்ணம் அடிக்கப் போகலாம்.

ஆனா டாங்க்கை விடப் பெரிய குறை என் விமர்சனத்துல இருந்துது. நம்மள்ல பல பேர் பெட்டியைப் பாத்துட்டே தீர்ப்பு எழுதறோம். டிரெய்லரைப் பாத்துப் பட விமர்சனம் எழுதறவனை என்னமா கிண்டல் பண்றோம்! பாகங்கள் பளபளன்னு இருக்கறது வேற, ஒண்ணோட ஒண்ணு சேர்றது வேற. ஒட்டிப் பாத்தா மட்டும்தான் ரெண்டாவது தெரியும். "இன்னும் கட்டலை"ன்னு முதல் வரில ஒரு வார்த்தை போட்டா யாருக்கும் மானம் போயிடாது. நான் அதைப் போடலை. ஒரு பையனோட காசு போச்சு. அதைவிட, தன் கைமேலயே அவனுக்குச் சந்தேகம் வந்துடுச்சு.

என்கிட்ட இருந்த உலோகக் குழலை அவனுக்கு அனுப்பிட்டேன். என்னோடது இப்போதைக்கு வெந்நீர்ல நிமித்தினதுதான். மே மாசம் என்ன ஆகுதுன்னு கண்டிப்பா எழுதறேன்.

பி.கு: ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தொட்டுத் தேயுங்க, முகமூடி போட்டுக்குங்க. இதை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.