அத்திப்பட்டில் இறங்காத நாம்

ஜப்பானின் ஷிகோகு தீவில், ஈயா பள்ளத்தாக்கு மலைகளுக்குள் நகோரோ என்றொரு சிற்றூர். இளையவர்கள் பட்டணம் போனார்கள், முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள், 2012-ல் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. ஊர் திரும்பிய அயானோ சுகிமி என்ற பெண்மணி, போனவர்களின் சாயலில் துணிப் பொம்மைகள் செய்து வயலோரத்திலும் வகுப்பறையிலும் உட்காரவைத்தார். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் மலையேறிப் போகிறார்கள். 2023 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. சென்னையில் இருந்துகொண்டு இதையெல்லாம் மனம் கனத்துப் படித்தோம். அந்த வருத்தம் உண்மையானதுதான்.

ஆனால் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், அதற்கடுத்து அத்திப்பட்டு. அங்கே நம்மில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறோம்? 2001-ல் ‘சிட்டிசன்’ படத்தில், வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்ட அத்திப்பட்டி என்ற கற்பனை ஊருக்காகக் கண்கலங்கியவர்கள் நாம். ஏறத்தாழ அதே பெயருள்ள நிஜ ஊரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை.

அங்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களின் நடுவிலிருந்து ஓடுகிறது. பக்கத்தில் வல்லூர் அனல்மின் நிலையம், 1500 மெகாவாட். நம் நாட்டு நிலக்கரியில் நூறு டன் எரித்தால் முப்பது டன்னுக்கு மேல் சாம்பலே மிஞ்சும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் ஆண்டுக்கணக்கில் ஒழுகியது. ஒழுகிய சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் படிந்து தரை மேடாகிப்போனது. ஆழம் போனதும் படகு தட்டுகிறது. இறாலும் நண்டும் ஒதுங்குகிற சேறு, சாம்பலுக்கு அடியில் போய்விட்டது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்களுக்குக் கூலிவேலையைத் தவிர வேறு வழி என்ன இருந்தது?

செப்பாக்கத்து மக்கள் கேட்டதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காற்றடித்தால் சோற்றுத் தட்டில் சாம்பல், நிலத்தடி நீர் வாயில் வைக்க முடியாது. எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று மனு மேல் மனு கொடுத்தார்கள். பிறந்த மண்ணை விட்டுப் போகிறோம் என்று ஒரு ஊரே கெஞ்சுகிற நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது, நாம் ஒவ்வொரு கோடையிலும் தடையில்லாமல் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கிய மின்சாரம். நகோரோவைக் காலம் காலி செய்தது என்று சொல்லலாம். இங்கே அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

காட்டுப்பள்ளிக் குப்பத்தைக் கப்பல் கட்டும் தளத்துக்காகப் பெயர்த்தபோதும் நாம் பேசவில்லை. கடற்கரையை விட்டுப் போனவர்கள் நிரந்தர வேலைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். செய்தித்தாளில் அது உள்பக்கத்து ஒரு பத்தி.

எண்ணூர் நமக்கு நினைவுக்கு வருவது விபத்து நாட்களில்தான். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் முகத்துவாரம் வரை பரவியது. மீனவர்கள் கையாலேயே வழித்து எடுத்தார்கள். அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அம்மோனியாக் கசிவு. அந்தந்த வாரம் பதறினோம். எழுதுகிறவர்களும் படம் பிடிக்கிறவர்களும் வந்தோம், போனோம். எண்ணெய் தெரிகிற அளவுக்குச் சாம்பல் படத்தில் தெரியாது. அதனால் அதை எழுதவும் மறந்தோம்.

2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் படிந்த ஈரநிலத்தை மீட்க வேண்டிய பொறுப்பை மின்வாரியத்தின் மேல் வைத்தது. அந்த வழக்கை நடத்தியவர்கள் மீனவர்களும் அவர்களோடு நின்ற ஒரு சிலரும். அதன் பிறகும், 2024 மார்ச்சில் வடசென்னையின் மூன்றாம் கட்டம் 800 மெகாவாட்டோடு தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்தடுத்த அலகுகளுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், ஒலிவாங்கி முன் நிற்பவர்கள் குப்பத்துக்காரர்கள் மட்டும். அந்த மின்சாரம் வரப்போகிற அடையாறு, அண்ணாநகர், வேளச்சேரியிலிருந்து யாரும் போவதில்லை. ஆற்றில் படிந்த சாம்பலைத் தூர்வாருங்கள், சாம்பல் குளத்தோரக் குடும்பங்களுக்கு வீடு கொடுங்கள் என்ற இரண்டு கோரிக்கைகளையும் நம் கோரிக்கைகளாக நாம் இதுவரை ஒரு மனுவில்கூட எழுதியதில்லை.