திருப்பத் தெரியாதவர்க்குத் துடுப்பு எதற்கு?



புறப்பாட முகாமுக்குப் பெயர் கேட்டால் போதும், பழைய பல்லவி தொடங்கிவிடும். "காயாக் ஓட்டக் கைப்பலம் வேண்டும் டீச்சர். பெண்பிள்ளைக்கு எதற்கு? இந்த ஒல்லிப் பையனால் முடியுமா?" இக்கருத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

கடல் காயாக் ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுடையது. நேராகச் செல்வதற்கென்றே அமைந்தது. அதனைத் திருப்ப மல்லுக்கட்டினால் பயில்வானும் களைத்துப்போவான். அதைத் திருப்புவது பலமன்று, முறையே!

1. வீச்சு: துடுப்பைப் பாதத்தருகே நீரில் இறக்கி, பின்முனை வரை அகன்ற அரைவட்டமாக வீச வேண்டும். முழங்கையை மடக்கி இழுப்பது வீண். இடுப்புக்கு மேல் உடல் முழுதும் சுழல வேண்டும். வலப்பக்கம் வீசினால் அணியம், அதாவது முன்முனை, இடப்பக்கம் திரும்பும்.

2. சாய்வு: உடலை நிமிர்த்தியே வைத்து, வீசும் பக்கமாகப் படகைச் சற்றே சாய்க்க வேண்டும். நீரில் அமிழ்ந்திருக்கும் நீளம் குறையும்; படகு எளிதாகச் சுழலும்.

3. தருணம்: அலையின் முகட்டில் இரு முனைகளும் நீரைவிட்டு எழும். அந்நொடியில் வீசினால் பாதி உழைப்பு மிச்சம்.

இம்மூன்றில் எதற்குப் பயில்வானின் தோள் வேண்டும்? சொல்லுங்கள்!

என் சினம் பெற்றோர்மீது மட்டுமன்று. நேரே ஓட்டவும் பந்தயத்தில் முந்தவும் முதலில் கற்பித்து, திருப்புவதைக் கடைசி நாளுக்குத் தள்ளும் பயிற்சி முறையையும் கண்டிக்கிறேன். ஓடும் காயாக், பக்கக்காற்று பட்டால் தன் அணியத்தைக் காற்று வரும் திசைக்கே திருப்பும். பத்து பெரிங்கிக் கரையோரம் ஓட்டும் பிள்ளையின் மீது கடற்காற்று வீசினால், அணியம் கடலைத்தான் நோக்கும். தென்மேற்குப் பருவத்திலோ, 'சுமத்ரா' எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று விடியலில் வந்து தாக்கும். அவ்வேளையில் பிள்ளையைக் கரைசேர்ப்பது பந்தயக் கோப்பையா, திருப்பும் திறனா?

ஆகவே, மிதவை அங்கி அணிவித்து, ஆழமற்ற அமைதியான நீரில், முதல் நாளே திருப்பக் கற்பியுங்கள். ஒல்லிப் பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் கரையில் உட்கார வைக்காதீர்கள். 'கட்டுமரம்' என்ற சொல்லை ஆங்கிலத்துக்கே ஈந்த மொழியைக் கற்பிக்கும் நாம், நம் பிள்ளைகளைத் தண்ணீருக்கு அஞ்ச வைப்பது முறையோ? சிந்தியுங்கள்!