நாயோடு பழகப் பள்ளியில் பாடம் வேண்டும்

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதையடுத்து உரிமம், வாய்மூடி, சங்கிலி, அபராதம் என்று நாய் வளர்ப்போருக்கான விதிகள் பேசப்பட்டன. எல்லாம் தேவைதான். ஆனால், நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிற குழந்தைக்கு நாம் எதையுமே சொல்லித் தரவில்லை.

சிறு குழந்தைகளைப் பழகிய நாயே கடிப்பதும் உண்டு. சொந்த வீட்டில், பக்கத்து வீட்டில், விடுமுறைக்குப் போன அத்தை வீட்டில் கடிபடுகிறார்கள். தின்கிற நாயின் தட்டில் கை வைப்பார்கள், தூங்குகிற நாயைக் கட்டிப்பிடிப்பார்கள், ஈன்ற நாயின் குட்டியைத் தூக்கப் போவார்கள். ‘எங்க டைகர் ஒண்ணும் பண்ணாது’ என்று பெரியவர்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். நாய் பல்லைக் காட்டினால் அது சிரிப்பதாகவே சின்னக் குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள் என்று பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக நாயை அடிக்கவும் கூடாது. அடிபட்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். இது பெற்றோருக்கான பாடம்.

குழந்தைக்கான பாடம் எளிது. வளர்ப்பவரைக் கேட்காமல் தொடாதே. நாய் துரத்தி வந்தால் ஓடாதே, கத்தாதே. கைகளை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நில். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள். கரும்பலகையில் எழுதிப்போட்டால் இது மனதில் நிற்காது. மைதானத்தில் நின்றும் விழுந்தும் பழக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடிபட்டதைச் சொல்வது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகள் ஏன் மறைக்கிறார்கள்? ‘உன்னை யாரு அங்க போகச் சொன்னது?’ என்ற அதட்டலுக்குப் பயந்துதான். குட்டி நாயின் பல் பட்டாலும், பூனை பிராண்டினாலும், வந்து சொன்னால் திட்டு விழாது என்று அவர்கள் நம்ப வேண்டும். சொன்ன உடனே செய்ய வேண்டியது, 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அடுத்து நேராக அரசு மருத்துவமனை. தவணை தவறாமல் ஊசி போட்டால் உயிர் பிழைக்கும்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில் பள்ளி வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றுவதே அதிகம் பேசப்பட்டது. விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறை, கடிபட்டால் முதலுதவி, உடனே தெரிவிப்பது ஆகியவற்றை மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நாய்களை அகற்றுவதற்குக் காட்டுகிற அக்கறையை இதற்கும் காட்ட வேண்டும்.

பழியைக் குழந்தை தலையில் கட்டுவதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. நாயைக் கட்டி வைப்பதும், அதற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், சின்னக் குழந்தையை அதனுடன் தனியே விடாமலிருப்பதும் பெரியவர்களின் கடமை. அதில் தள்ளுபடி கிடையாது. ஆனாலும் பெரியவர்கள் இல்லாத தெருமுனையில் குழந்தை தனியாகத்தான் நிற்கிறது. ஆகவே, பள்ளிக் கல்வித்துறை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே, அரசுக் கால்நடை மருத்துவரையும் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் அழைத்து இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டும், வரும் ஜூனிலேயே.