கரண்ட் வந்தால் போதுமா?

மின்சாரம் போனால் என்ன, திரும்பி வந்ததும் எல்லாம் தானாக எழுந்துகொள்ளும். சர்வர் அறைகளில் நெடுநாளாகப் புழங்கும் நம்பிக்கை இது. ஒரே சர்வருக்குள் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் (வி.எம்.) குடியிருக்கும் காலத்தில் அது இன்னும் வலுத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்றொரு டிக் இருக்கிறதே!

இருக்கிறது. ஆனால் அது எண்ணுவது பெரும்பாலும் நொடிகளைத்தான். வி.எம்.களை இயக்கும் மென்பொருளான வி.எம்.வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயில் ஒரு வி.எம். கிளம்பி, அடுத்தது கிளம்ப வழக்கமான இடைவெளி 120 நொடி. திடீரென அணைந்த டேட்டாபேஸ் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள அரைமணி நேரம் எடுத்தால், அதை நம்பியிருக்கும் செயலி பூட்டிய கதவைத் தட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: அதே வகை மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸில், ஒரு சர்வர் விழுந்தால் வேறொன்றில் எழுப்பும் ஹெச்.ஏ. பாதுகாப்பின் கீழ் வைத்த வி.எம்.களுக்கு, எது முதலில் எது அடுத்து என்று எண் கொடுத்து அமைக்கும் தொடக்க வரிசை செல்லாது. பார்த்துப் பார்த்து எண் கொடுத்தவருக்கு மின்தடை அன்றுதான் அது தெரியவரும்.

“இப்போதைய மென்பொருள் விடாமல் முயன்று பார்க்கும், வரிசை எதற்கு?” என்பார்கள். சில அப்படித்தான், எல்லாம் அல்ல. 2016 ஜனவரி 28 அன்று நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்பின் முதன்மை டேட்டா சென்டரில் மின்சாரம் சற்றே தடுமாற, கால்வாசிக்கும் மேற்பட்ட சர்வர்கள் ரீபூட் ஆயின. ரெடிஸ் என்னும் தரவுக் கிடங்கை இயக்கும் சர்வர்கள் சில தங்கள் டிஸ்க்குகளை அடையாளம் காணாமல் நின்றுவிட்டன. ரெடிஸ் இல்லாமல் தொடங்கவே மாட்டேன் என்று செயலியும் அடம்பிடித்தது. அந்தக் கட்டாயம் தங்களையறியாமல் நிரலுக்குள் நுழைந்துவிட்டது என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. தளம் முடங்கியது 2 மணி 6 நிமிடம்.

எழுந்துவிட்டாலே வேலை நடக்கும் என்பதும் சரியல்ல. அலுவலக நெட்வொர்க்கில் யார் யார் என்று சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலருக்கு முன்பே விழித்துக்கொள்ளும் விண்டோஸ் சர்வர், தான் இருப்பது பொது நெட்வொர்க் என்று முடிவுகட்டி ஃபயர்வாலை இறுக்கிக்கொள்வது உண்டு. திரையில் பச்சை விளக்கு எரியும். உள்ளே யாரும் நுழைய முடியாது.

“நம்முடையது சின்ன ஆபீஸ், நாலே வி.எம்.” என்ற சமாதானமும் நிற்காது. சிறிய இடத்தில்தான் முடிச்சு விழ வாய்ப்பு அதிகம். ஸ்டோரேஜைப் பெயர் சொல்லி அழைக்கும் ஹோஸ்ட், அதாவது வி.எம்.களைத் தாங்கும் சர்வர். அந்தப் பெயரின் முகவரியைச் சொல்லவேண்டிய டி.என்.எஸ். சர்வரோ அதே ஸ்டோரேஜில் தூங்கும் ஒரு வி.எம். யார் யாரை எழுப்புவது?

கடைசியில் எடுப்பது யுபிஎஸ், ஜெனரேட்டர் என்னும் துருப்புச்சீட்டு. 2016 ஆகஸ்டில் டெல்டா விமான நிறுவனத்திடம் அவை இருந்தன. அட்லாண்டாவில் மின்கோளாறு வந்தபோது, ஏறத்தாழ 7,000 சர்வர்களில் சுமார் 300 மட்டும் மாற்று மின்சாரத்தோடு இணைக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. அந்த 300-ஐ மற்றவை சார்ந்திருந்தன. மூன்று நாட்களில் 2,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின.

பிரிட்டிஷ் ஏர்வேஸின் கதை இன்னும் கசப்பானது. 2017 மே 27 அன்று ஹீத்ரோ அருகே அதன் டேட்டா சென்டரில் யுபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தாண்டி மின்சாரம் அறுந்தது. சில நிமிடங்களில் திரும்பியும் வந்தது. எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அப்படி ஒரேயடியாகத் திரும்பியதுதான் கருவிகளைப் பாழாக்கியது என்று நிறுவனத் தரப்பு விளக்கியது. விடுமுறை வார இறுதியில் சுமார் 75,000 பயணிகள் விமானமின்றித் தவித்தார்கள்.