பாட்டிலின் அடியில் உயிர்! கலயத்தின் அடியிலும் உயிர்!
கள்ளுக்குத் தடை ஏன்? நீங்குமா?

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீடு. மாலையில் பாலைக் காய்ச்சி ஆற வைக்கிறார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து அதில் ஊற்றுகிறார்கள். காலையில் கெட்டித் தயிர் தயார். இதற்கு "உறை ஊற்றுவது" என்று பெயர். தமிழ்நாட்டில் இது தெரியாத தாய்மார் யாரும் இல்லை.

மேல்நாடுகளில் பீரை வீட்டிலேயே தயாரித்துக் குடிப்பவர்கள் உண்டு. அங்கே அது குற்றம் அல்ல. இங்கிலாந்தில் 1963-ம் ஆண்டு முதல் அதற்கு லைசென்சு வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதை அனுமதித்தது. அவர்களும் உறைதான் ஊற்றுகிறார்கள். அந்த உறையை எங்கிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? கடையில் வாங்கிய பீர் பாட்டிலின் அடியில் இருந்து!

பாட்டிலுக்குள் தூங்கும் ஈஸ்ட்

பெல்ஜியம் நாட்டில் கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களில் பீர் தயாரிக்கிறார்கள். "சிமே" என்பது அப்படிப்பட்ட ஒரு பீர். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடி விடுவார்கள். ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். அது சர்க்கரையைத் தின்னும். சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். பீரில் நுரை பொங்குவது அந்த வாயுவால்தான். தின்பதற்கு எதுவும் இல்லாமல் போனதும் ஈஸ்ட் பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிந்து தூங்கி விடும்.

வீட்டில் பீர் போடுகிறவர் பாட்டிலை அசைக்காமல் மேலே உள்ளதை ஊற்றிக் கொள்வார். கடைசி ஒரு விரல்கடை வண்டலை விட்டு வைப்பார். அதில் காய்ச்சி ஆற வைத்த பார்லிப் பாகைக் கொஞ்சம் ஊற்றுவார். சில நாளில் நுரை கட்டும். தூங்கிய ஈஸ்ட் எழுந்து விட்டது என்று அர்த்தம். பிறகு பாகின் அளவைக் கூட்டிக் கூட்டி ஈஸ்ட்டைப் பெருக்குவார்.

எல்லா பாட்டிலிலும் இது நடக்காது. பாட்டில் பழையதாக இருந்தால் ஈஸ்ட் செத்திருக்கும். சாராயச் சத்து அதிகம் உள்ள பீரில் அது சோர்ந்து கிடக்கும். சில கம்பெனிகள் பீர் போட ஒரு ஈஸ்ட்டும், பாட்டிலில் அடைக்க வேறு ஈஸ்ட்டும் சேர்க்கும். அந்த வண்டலை எடுத்தவர் ஏமாந்து போவார்!

நம் ஊர்க் கடைகளில் விற்கும் பீர் பாட்டில்களைப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் எதுவும் இருக்காது. வடிகட்டி, சூடு காட்டி ஈஸ்ட்டைக் கொன்ற பிறகே அவை வெளியே வருகின்றன.

புளிக்க வைப்பது உயிருள்ள ஈஸ்ட்தான் என்று நிறுவியவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1883-ல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் எமில் ஹான்சன் என்பவர் கலப்பு இல்லாத ஈஸ்ட்டைத் தனியே பிரித்து எடுத்தார். அதை அந்த ஆலை மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது.

பனையேறியின் உறை

பாஸ்டர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வித்தை பனையேறிக்குத் தெரியும். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். குழந்தைகளும் குடிக்கலாம். சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது கள். அதே மரம், அதே பாளை, அதே கலயம். வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான்! சுண்ணாம்பு ஈஸ்ட்டை வேலை செய்ய விடாது.

கள்ளுக் கலயத்தைப் பளிச்சென்று கழுவ மாட்டார்கள். ஓட்டில் ஒட்டியிருக்கும் நேற்றைய வண்டல்தான் இன்றைய கள்ளுக்கு உறை. பெல்ஜியம் பாட்டிலின் அடியில் இருப்பதும் இதுவும் ஒரே இனம். கலயத்தில் ஈஸ்ட்டுடன் பாக்டீரியாக்களும் சேர்ந்து வேலை செய்யும். அதனால்தான் கள் சீக்கிரம் புளிக்கிறது. ஒரு நாள் தாண்டினால் காடியாகத் தொடங்கி விடும். மாவு பொங்கவும் கள் உதவியது. கேரளத்தில் ஆப்ப மாவிலும், கோவாவில் ரொட்டி மாவிலும் கள் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள்.

சட்டம் வந்த கதை

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரித்தால் ஜெயில். பீராக இருந்தாலும் சரி, கள்ளாக இருந்தாலும் சரி. இதற்கு வேர் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி அந்த ஆண்டு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் கருணாநிதி அரசாங்கம் மதுவிலக்கைத் தள்ளி வைத்தது. பிறகு கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் "டாஸ்மாக்" பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக் கொண்டது. 2017-ல் தென்னையில் இருந்து "நீரா" இறக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அது புளிக்கக் கூடாது!

ஆக, 4, 5 சதவீதம் சாராயச் சத்து உள்ள கள் குற்றம். 42.8 சதவீதம் உள்ள பிராந்தியை அரசாங்கமே விற்கிறது. இந்தக் கணக்கைப் பனையேறிகள் கேட்கிறார்கள். 2025-லும் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கடலூர்க்காரர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே கள்ளுக்கடைகளை அரசாங்கமே ஏலம் விடுகிறது. அந்தப் பக்கம் குடித்தால் வியாபாரம், இந்தப் பக்கம் இறக்கினால் வழக்கு. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் உள்ள பழைய சர்க்கரை ஆலையின் பெயர் "ஈ.ஐ.டி. பாரி". அதில் உள்ள "டி" என்ற எழுத்து எதைக் குறிக்கிறது? "டிஸ்டில்லரி", அதாவது சாராய ஆலை!

உயிரைப் பறிப்பது எது?

"கள்ளைத் திறந்தால் சாவு கூடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். சாவுக்குக் காரணம் எது என்று பார்க்க வேண்டும்.

2001-ல் பண்ருட்டிப் பகுதியில் விஷச் சாராயம் 50-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பிணம். செத்தவர்கள் 60-க்கும் மேல். கணவனும் மனைவியும் போய்க் குழந்தைகள் அனாதையான குடும்பங்களும் உண்டு.

கருணாபுரத்திலும் எக்கியார்குப்பத்திலும் கொன்றது ஈஸ்ட் அல்ல. மெத்தனால்! அது தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம். பார்க்கச் சாராயம் போலவே இருக்கும். அதை வாங்கித் தண்ணீர் கலந்து பாக்கெட்டில் விற்றார்கள். உடம்புக்குள் போனதும் அது பார்மிக் அமிலமாக மாறும். முதலில் கண் மங்கும், வயிறு வலிக்கும், பிறகு மூச்சு நிற்கும். கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்தவர்கள் எழவில்லை.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அரசாங்கம் சட்டத்தைக் கடுமையாக்கியது. உயிர் போனால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். நல்லதுதான். ஆனால் மெத்தனால் பீப்பாய் எந்த ஆலையில் இருந்து கிளம்பி எங்கே இறங்குகிறது என்று கணக்குப் பார்க்காமல் தண்டனையை மட்டும் கூட்டிப் பயன் இல்லை.

கள் யோக்கியமா?

அதையும் சொல்லத்தான் வேண்டும். கள்ளுக்கடை இருந்த காலத்தில் மரத்தில் இறங்கிய கள் ஒரு குடம் என்றால் கடையில் விற்றது பல குடம். மீதி எங்கிருந்து வந்தது? தண்ணீர், சாக்கரின், அதற்கு மேல் மயக்க மருந்து! குளோரல் ஹைட்ரேட் கலப்பதைத் தடுக்கக் கேரளத்தில் இன்றும் போராடுகிறார்கள். கூலியைக் கள்ளுக்கடையில் கொடுத்து விட்டு வெறுங்கையோடு வந்த கணவர்களைப் பற்றி வயதான பெண்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆகவே மரத்தடியில் விற்பது வேறு, கடை போட்டு விற்பது வேறு. மரத்தடியில் விற்கும் கள்ளில் கலப்படம் செய்வது கடினம். எத்தனை மரம், எத்தனை லிட்டர் என்று எண்ணி விடலாம். ஒப்பந்தக்காரர் கைக்குப் போய் லாரியில் ஏறி விட்டால் எண்ண முடியாது. இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பனையேறிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கள்ளைப் பாட்டிலில் அடைத்து விற்றிருக்கிறார்கள். இடையில் ஒப்பந்தக்காரர் இல்லை.

தடையை நீக்குவதானால் அரசாங்கம் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: லைசென்சு மரம் ஏறுகிறவர் பெயரிலா, கடை ஏலம் எடுப்பவர் பெயரிலா?